எலும்பும் மண்ணும்: சாந்தோம் பேராலயக் கல்லறை மரபு – ஒரு வரலாற்று ஆய்வு

முனைவர் பட்ட ஆய்வாளர் (வரலாறு), நெய்வேலி

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மயிலாப்பூர்க் கடற்கரையில் உள்ள சாந்தோம் பேராலயம், திருத்தூதர் தோமையாரின் கல்லறை மீது எழுப்பப்பட்டது என்பது கத்தோலிக்க மரபு. அவருடைய எலும்புகள் பழங்காலத்திலேயே மேற்கே கொண்டு செல்லப்பட்டுவிட்டன என்பதும் அதே மரபின் கூற்றே. உடல் நீங்கிய ஒரு கல்லறை பல நூற்றாண்டுகளாகப் புனிதம் குன்றாமல் நிலைத்தது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா. மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாக் நூல் முதல் 1523ஆம் ஆண்டுப் போர்த்துக்கீசிய அகழ்வு வரையிலான சான்றுகளை ஒப்பிட்டு, இக்கல்லறையின் புனிதம் எலும்பைக் காட்டிலும் மண்ணையும் விளக்கையும் சார்ந்து நின்றது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அப்பெருங்கல்லறையின் நிழலில் மறைந்த பிற அடக்கங்களையும் இது கவனத்திற்குக் கொண்டுவருகிறது.

திறவுச் சொற்கள்: சாந்தோம், மயிலாப்பூர், தோமையார், கல்லறை, திருப்பண்டம், போர்த்துக்கீசியர், கல்லறைக் கல்வெட்டு

1. முன்னுரை

தமிழகக் கிறித்தவ வரலாற்றில் சாந்தோம் கல்லறையைப் போல வாதத்திற்கு உள்ளான இடம் வேறில்லை. தோமையார் கி.பி. 72இல் மயிலாப்பூர்ப் பகுதியில் உயிர்நீத்தார் என்பதை ஒரு சாரார் வரலாறாகவே கொள்கின்றனர். மற்றொரு சாரார் முழுவதையும் போர்த்துக்கீசியர் கட்டிய கதை எனத் தள்ளுகின்றனர். மெட்லிகாட் 1905இல் வெளியிட்ட ‘இந்தியாவும் திருத்தூதர் தோமாவும்’ என்னும் நூல் தொடங்கி இவ்வாதம் ஒரே கேள்வியைச் சுற்றியே சுழன்று வந்துள்ளது: அங்கே அடக்கம் செய்யப்பட்டவர் தோமையார்தாமா?

இக்கேள்விக்கு இன்றுள்ள சான்றுகளைக் கொண்டு முடிந்த முடிபாக விடை கூற இயலாது. ஆனால் அதே சான்றுகள் வேறொரு கேள்விக்குத் தெளிவான விடை தருகின்றன. அக்கல்லறையில் மக்கள் எதை வணங்கினர், எதை எடுத்துச் சென்றனர், அதை யார் காத்தனர் என்பதே அக்கேள்வி. நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கத்தில் கடலூர் மணற்கல் அடுக்கை அகற்றிய பின்னரே பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரியும். கல்லறை மரபையும் அவ்வாறே அடுக்கடுக்காகப் பிரித்துக் காண வேண்டும். பிற்காலத்து அடுக்கொன்றைக் காட்டி முற்காலத்தை மெய்ப்பிப்பதும், பிற்காலத்தது என்ற ஒரே காரணத்தால் அதை ஒதுக்குவதும் முறையாகா.

2. உடல் நீங்கிய கல்லறை

தோமையாரின் அடக்கம் பற்றிய மிகப் பழைய விவரிப்பு ‘தோமாவின் பணிகள்’ என்னும் நூலில் உள்ளது. சிரியாக் மொழியில் மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய இந்நூலைத் திருச்சபை தன் திருமறை நூல்களுள் சேர்க்கவில்லை. ஈட்டியால் குத்தப்பட்டு இறந்த தோமையார் பழைய அரசர்களின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார் என்று அது கூறுகிறது. பின்னர் அரசன் மிஸ்தேயு, பேய் பிடித்த தன் மகனைக் குணமாக்க எண்ணிக் கல்லறையைத் திறக்கிறான். எலும்புகள் அங்கே இல்லை. உடன்பிறப்பாளருள் ஒருவர் அவற்றை மறைவாக மேற்கே கொண்டு போய்விட்டார். அரசன் எலும்பு கிடந்த இடத்து மண்ணை எடுத்து மகனுக்கு அணிவிக்க, அவன் நலமடைகிறான்.

இந்நூல் மயிலாப்பூரைக் குறிப்பிடவில்லை. இதன் நிகழ்ச்சிகளை வரலாற்றுச் செய்திகளாகக் கொள்ளவும் இயலாது. எனினும் ஒன்று உறுதி. தோமையார் கல்லறையில் எலும்பு இல்லை, மண்ணே ஆற்றல் உடையது என்ற எண்ணம் மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுத்தில் நிலைபெற்றிருந்தது. எலும்பு போனதால் நேர்ந்த குறையை ஈடுசெய்யப் பிற்காலத்தார் புனைந்த சமாதானம் அன்று இது. மரபின் அடித்தளத்திலேயே இவ்வெண்ணம் உள்ளது.

எலும்புகளின் பயணத்தை மேற்கத்தியச் சான்றுகள் ஓரளவு தொடர்ச்சியாகக் காட்டுகின்றன. அவை எதெஸ்ஸா நகரில் இருந்ததை நான்காம் நூற்றாண்டுச் சிரியாக் கவிஞர் எபிரேம் பாடியுள்ளார். திருத்தூதரின் ஆற்றல் இந்தியாவிலும் எதெஸ்ஸாவிலும் குறைவின்றி விளங்குவதாக அவர் கூறுவது நம் பொருளுக்கு இன்றியமையாதது. 394ஆம் ஆண்டு எதெஸ்ஸாவின் பெரிய ஆலயத்திற்கு அவை மாற்றப்பட்டன. 1144இல் அந்நகர் செங்கியின் படையிடம் வீழ்ந்தது. பின்னர் ஏஜியன் கடலின் கீயோஸ் தீவிலிருந்து 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனா நகருக்கு எலும்புகள் கொண்டு செல்லப்பட்டன. இன்றும் அந்நகரப் பேராலயத்தின் நிலவறையில் அவை வைத்துப் போற்றப்படுகின்றன.

3. விளக்கும் மண்ணும்

எலும்புகள் எதெஸ்ஸாவில் இருந்த காலத்திலேயே இந்தியக் கல்லறையும் போற்றப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் கிரகோரி, இந்தியாவுக்குச் சென்று வந்த தியோதோர் என்பவரின் வாய்மொழியைப் பதிவு செய்துள்ளார். திருத்தூதரின் உடல் முதலில் கிடந்த இடத்தில் ஒரு மடமும் பெரிய ஆலயமும் இருந்தன என்றும், கல்லறை முன் எண்ணெயும் திரியும் இடாமலேயே ஒரு விளக்கு இரவும் பகலும் எரிந்தது என்றும் அவர் எழுதுகிறார். ‘முதலில் கிடந்த இடம்’ என்ற தொடரைக் கருத வேண்டும். எழுதியவருக்கு உடல் அங்கில்லை என்பது தெரியும். இருந்தும் விளக்கு எரிகிறது.

கிரகோரியும் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. வங்கக் கடற்கரையை ஐயத்திற்கு இடமின்றிச் சுட்டும் சான்றுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கிடைக்கின்றன. 1292 – 1293 அளவில் இப்பகுதி வழியாகச் சென்ற மார்கோ போலோ, மாபார் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தோமையாரின் உடல் இருப்பதாகவும், கிறித்தவரும் இசுலாமியரும் அங்கு வழிபடச் செல்வதாகவும் எழுதினார். தோமையார் இறந்த இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர் எடுத்துச் சென்று, முறைக்காய்ச்சல் கண்டவர்களுக்குக் கரைத்துக் கொடுப்பர் என்பதும் அவர் தரும் செய்தி. சிரியாக் நூல் கூறிய மண் இங்கு மக்கள் வழக்காகவே காட்சி தருகிறது.

மார்கோ போலோவின் குறிப்பில் இன்னொரு நுட்பம் உண்டு. ஊரின் பெயரைச் சொல்லாத அவர், தோமையார் இறந்த கதையை வேறு விதமாகச் சொல்கிறார். மயில்கள் சூழ அவர் வேண்டிக்கொண்டிருந்தபோது, மயிலை நோக்கி வேட்டைக்காரன் ஒருவன் எய்த அம்பு தவறிப் பட்டு அவர் இறந்தாராம். சிரியாக் நூலில் மயிலும் இல்லை, வேடனும் இல்லை. மயிலின் பெயரைத் தாங்கிய மயிலாப்பூரில் இக்கதை வழங்கியது தற்செயல் அன்று. வெளியிலிருந்து வந்த ஒரு மரபு உள்ளூர் மண்ணில் வேரூன்றி, ஊரின் பெயரோடு பிணைந்துவிட்டதன் அடையாளம் இது. ஆகவே போர்த்துக்கீசியர் வருவதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே உள்ளூர்த் தோமையார் மரபு ஒன்று இங்கு வாழ்ந்தது என்பதை மறுத்தல் அரிது.

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய வணிகர் நிக்கோலோ தெ கொந்தி, இங்கு ஒரு பெரிய அழகிய ஆலயத்தையும், கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த கிறித்தவர்களையும் குறிப்பிடுகிறார். பரங்கிமலையில் 1547இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பகலவி எழுத்துச் சிலுவை, பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர் இப்பகுதியில் வாழ்ந்ததற்குக் கல்லில் அமைந்த சான்றாகும்.

ஆயினும் 1516 அளவில் துவார்த்தே பர்போசா காட்டும் காட்சி வேறு. ஆலயம் பாழடைந்து கிடக்கிறது. இசுலாமியர் ஒருவர் பிறரிடம் பிச்சை பெற்றுக் கல்லறை முன் விளக்கேற்றி வருகிறார். கிரகோரி அற்புதமாகக் கண்ட விளக்குக்கும் இவ்விளக்குக்கும் இடையில் ஆயிரம் ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஏற்றியவர் யாராயினும் கல்லறையின் முன் விளக்கு எரிய வேண்டும் என்ற வழக்கம் மட்டும் மாறவில்லை. இம்மரபைத் தனியொரு சமயத்தாரின் உடைமையாகவோ ஐரோப்பியரின் இறக்குமதியாகவோ காண்போர் இவ்விளக்கேற்றியவரைக் கணக்கில் கொள்வதில்லை.

4. 1523: திறக்கப்பட்ட குழி

போர்த்துக்கீசியர் கல்லறையைத் தோண்டிய ஆண்டு 1523. பத்து ஆண்டுகளுக்குப் பின், ஆளுநர் நூனோ த குன்யாவின் காலத்தில் 1533இல் நடந்த விசாரணையில், அகழ்வில் பங்கேற்ற தியோகோ பெர்னாந்தசு சாட்சியம் அளித்தார். மண்டையோட்டுப் பகுதிகள் உள்ளிட்ட எலும்புகள், ஓர் ஈட்டி முனை, மண் நிரம்பிய ஒரு கலம் ஆகியன கிடைத்தன என்பது அகழ்வு பற்றிய விவரிப்புகளின் சாரம். அருகில் கிடைத்த வேறு எலும்புகள், தோமையாரால் மனம் மாறிய அரசனுடையவை எனக் கருதப்பட்டன. காஸ்பர் கொரெயா முதலிய போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்களும் இதனை எழுதியுள்ளனர். இச்சாட்சியங்களை மத்தியாஸ் முண்டாடன் 1970இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

இப்பட்டியல் மூன்று செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, ஈட்டி முனை. மயில் வேடனின் அம்பைப் பற்றிய உள்ளூர்க் கதை இதனால் பின்னுக்குத் தள்ளப்பட்டது. சிரியாக் நூலின் ஈட்டிக் கதை மேலெழுந்தது. இரண்டாவது, எலும்புகள். ஒர்த்தோனாவில் உடல் இருப்பதாக ஐரோப்பா நம்பிய காலத்தில் மயிலாப்பூரிலும் எலும்புகள் கிடைத்தமை முரண்பாடே. திருப்பண்டங்கள் பிரிந்து பல இடங்களில் அமையலாம் என்ற பழைய எண்ணமே இம்முரணைத் தாங்கிக்கொண்டது. மூன்றாவது, மண் கலம். எலும்பு யாருடையது என்பது ஐயத்திற்கு உரியதாயினும், கல்லறைக்குள் மண்ணைத் தனியே ஒரு கலத்தில் வைத்திருந்தனர் என்ற செய்தி, மூன்றாம் நூற்றாண்டு நூலோடும் மார்கோ போலோவோடும் நேராகப் பொருந்துகிறது. தோண்டியவர்கள் தாம் எதிர்பார்த்ததையே கண்டிருக்கலாம். அவ்வாறாயினும் அவர்கள் எதிர்பார்த்தவற்றுள் மண்ணும் இருந்தது என்பது முக்கியம்.

கல்லறையின் செங்கற்களை அரிக்கமேட்டுச் செங்கற்களோடு ஒப்பிட்டு, கல்லறை முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கூறியோர் உண்டு. கடலூர்ப் பகுதி ஆய்வாளர்களுக்கு நன்கு அறிமுகமான அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். செங்கல்லின் அளவு ஒத்திருந்தால் கட்டுமான வழக்கம் ஒத்திருந்தது என்று மட்டுமே சொல்ல முடியும். பழைய கட்டடச் செங்கற்களைப் பிற்காலத்தார் எடுத்துக் கட்டுவதும் இயல்பு. செங்கல் ஒரு கட்டடத்தின் காலத்திற்குத் துணைச் சான்றாகலாம். அதனுள் கிடந்தவரின் பெயரை அது சொல்லாது.

5. தமிழ் நிலத்தின் அடக்க மரபுகளோடு ஓர் ஒப்பீடு

அடக்கம் செய்த இடத்தின் மீது வழிபாட்டிடம் எழுப்புவது தமிழ் நிலத்திற்குப் புதிதன்று. நடுகல் வழிபாடு சங்க காலம் தொட்டு அறியப்பட்டது. சோழர் காலத்துப் பள்ளிப்படைகள் இன்னும் நெருங்கிய ஒப்புமை உடையவை. முதலாம் ஆதித்தனுக்குத் தொண்டைமானாட்டில் முதலாம் பராந்தகன் எழுப்பிய ஆதித்தேச்சுவரமும், அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் முதலாம் இராசராசன் எடுப்பித்த அரிஞ்சிகை ஈச்சுவரமும் நன்கறிந்த எடுத்துக்காட்டுகள். நாகூரில் சாகுல் அமீது ஆண்டகையின் தர்காவில் பல சமயத்தாரும் வழிபடுவது இவ்வரிசையில் பிற்காலத்துச் சான்று.

மயிலாப்பூரிலேயே எச்சங்கள் தொடர்பான மற்றொரு புகழ்பெற்ற மரபு உண்டு. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் அவள் தந்தை சிவநேசர் குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்துக் காத்ததையும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை உயிர்ப்பித்ததையும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துரைத்தார். இரு மரபுகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தன என்று கொள்ளச் சான்றில்லை. எனினும் எச்சங்களைத் தாங்கிய ஒரு கலத்தைப் புனிதமெனக் கருதும் மனநிலை இவ்வூரில் அயலானதாக இருந்திருக்காது. மார்கோ போலோ கண்ட பன்மைச் சமய வழிபாட்டைப் புரிந்துகொள்ள இப்பின்புலம் உதவும்.

சாந்தோம் வளாகத்திலிருந்து சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்துள்ளமையையும் இங்குச் சுட்ட வேண்டும். கடற்கரையில் இருந்த கோயில் பற்றிய விவாதம் இவற்றை ஒட்டியே எழுந்தது. அக்கற்கள் அப்பகுதியில் கோயிற் சொத்தும் வழிபாடும் இருந்ததற்குச் சான்றுகள். கல்லறை மரபைப் பேசும் ஆய்வு அவற்றை மறைக்கக் கூடாது. அவற்றைப் பேசும் ஆய்வும் மார்கோ போலோவை மறைக்கக் கூடாது.

6. நிழலில் மறைந்த அடக்கங்கள்

தோமையாரின் பெயர் பெரிது. அதனால் அதே நிலத்தில் அடக்கமான பிறர் கவனம் பெறவில்லை. பெயரும் காலமும் ஐயமின்றித் தெரிந்த மிகப் பழைய அடக்கம் பிஸ்தோயா நகரத்து நிக்கோலாவுடையது. தொமினிக்கன் சபைத் துறவியான அவர், மோந்தெகொர்வினோ யோவான் என்னும் பிரான்சிஸ்கத் துறவியோடு சீனத்திற்குப் புறப்பட்டவர். யோவான் 1305இல் எழுதிய மடலில், தாம் தோமையார் ஆலயத்தில் பதின்மூன்று மாதம் தங்கியதையும், ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்கு அளித்ததையும், தோழர் நிக்கோலா அங்கேயே இறந்து அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டதையும் கூறுகிறார். இது 1291ஐ ஒட்டிய காலம். உடனிருந்தவரே எழுதிய நேர்ச் சான்று என்ற வகையில், ஆவண வரலாற்றாளருக்கு நிக்கோலாவின் அடக்கம் தோமையாரின் அடக்கத்தைவிட உறுதியானது. ஆயினும் யாத்திரிகர் எவரும் அவர் பெயரை அறியார்.

1545இல் பிரான்சிஸ் சவேரியார் சில மாதங்கள் மயிலாப்பூரில் தங்கிக் கல்லறையருகே வேண்டுதலில் ஈடுபட்டார். தத்துவ போதகர் எனத் தமிழுலகம் அறிந்த இராபர்ட் தெ நொபிலி 1656 சனவரி 16 அன்று மயிலாப்பூரில் காலமானார். சவேரியாரின் உடல் கோவாவில் பெரும் யாத்திரைத் தலத்தை உருவாக்கியது. தமிழ் உரைநடைக்குப் பெரும்பங்காற்றிய தெ நொபிலிக்கு அத்தகைய தலம் எதுவும் அமையவில்லை. ஒருவருடைய உடல் யாத்திரைக்கு உரியதாவதற்கு அவருடைய பணி மட்டும் போதாது. அதைக் காத்துப் பேணும் நிறுவனமும் வேண்டும்.

போர்த்துக்கீசியக் குடியினரின் கல்லறைக் கற்கள் வேறொரு வரலாற்றைப் பேசுகின்றன. ஆலயத் தளத்தில் பதிக்கப்பட்ட இத்தகைய கற்களில், ‘இது இன்னாருக்கும் அவர்தம் வாரிசுகளுக்கும் உரிய கல்லறை’ என்னும் பொருள்படும் வாசகம் போர்த்துக்கீசிய இந்தியா முழுவதும் வழங்கியது. ஆலயத் தளத்தின் ஒரு பகுதி குடும்பச் சொத்தாக இருந்தது என்பதை இவ்வாசகம் காட்டுகிறது. சாந்தோம் புனித இலாசர் ஆலயத்தில் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட 1637ஆம் ஆண்டுக் கல், மாத்ரா என்னும் குடும்பத்தார் தம் செலவில் ஆலயம் கட்டியதைக் குறிக்கிறது. ஆங்கிலேயர் 1639இல் சென்னையில் நிலம் பெறுவதற்கு முற்பட்ட கல் ஆதலால், ‘மதராஸ்’ என்ற பெயரின் தோற்றம் குறித்த விவாதத்தில் இது சான்றாகக் காட்டப்படுகிறது. ஒரு மாநகரின் பெயர் குறித்த வாதத்தில் கல்லறைக் கல்லொன்று இடம்பெற்றுள்ளமை, இத்தகைய கற்களின் மதிப்பை உணர்த்தப் போதுமானது.

7. கட்டடம் மாறியும் மாறாத புள்ளி

1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவானபோது கல்லறை ஆலயம் ஆயரின் தலைமை ஆலயமாயிற்று. 1662இல் கோல்கொண்டாப் படையும் 1672இல் பிரெஞ்சுக்காரரும் ஊரைக் கைப்பற்றினர். 1749இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சிகள் மாறியபோதும் கல்லறை வழிபாடு தொடர்ந்தது.

ஆயர் என்றிக்கே ரீட் த சில்வாவின் காலத்தில் 1893இல் பழைய ஆலயம் அகற்றப்பட்டு, புதிய கோதிக் பாணிப் பேராலயம் எழுந்தது. 1896 ஏப்ரல் 1 அன்று அது அருட்பொழிவு செய்யப்பட்டது. ஏறத்தாழ 155 அடி உயரமுள்ள பெரிய கோபுரத்தோடு, கட்டடத்தின் நடுப்பகுதியில் சிறிய கோபுரம் ஒன்றும் உண்டு. அது கல்லறை இருக்கும் இடத்தை வெளியிலிருந்தே அடையாளம் காட்டுகிறது. 1956இல் ஆலயம் பசிலிக்கா தகுதி பெற்றது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கு வந்து வேண்டினார். இன்று கல்லறைச் சிற்றாலயம் தனி வாயிலுடன் நிலத்தடியில் அமைந்துள்ளது. பேராலயத்தின் திருவழிபாட்டுக்கு இடையூறின்றி எச்சமயத்தாரும் கல்லறைக்குச் செல்ல இயலும்.

திருத்தூதர் கல்லறை மீது எழுந்த ஆலயங்கள் உலகில் மூன்றே, அவை உரோமை, ஸ்பெயினின் சந்தியாகோ, சாந்தோம் என்ற கூற்று பரவலாக வழங்குகிறது. இதனை அப்படியே வழிமொழிவதில் இடர் உண்டு. உரோமையில் பவுலின் கல்லறை மீதும் பேராலயம் உள்ளது. இத்தாலியின் சலேர்னோ பேராலய நிலவறை மத்தேயுவின் திருப்பண்டங்களைத் தாங்கியுள்ளது. சந்தியாகோவின் மரபிலும் யாக்கோபின் உடல் எருசலேமிலிருந்து கொண்டுவரப்பட்டதே. எண்ணிக்கைப் பெருமையைக் காட்டிலும், உடல் நீங்கிய பின்னும் இடம் தன் புனிதத்தை இழக்காமல் நிலைத்தமையே சாந்தோமின் தனித்தன்மை.

8. முடிவுரை

தோமையார் கல்லறை மரபின் மையத்தில் மண் இருந்ததை மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாக் நூல், மார்கோ போலோவின் குறிப்பு, 1523ஆம் ஆண்டு அகழ்வு விவரிப்பு ஆகிய மூன்றும் காட்டுகின்றன. எலும்புகள் எதெஸ்ஸாவுக்கும் கீயோஸுக்கும் ஒர்த்தோனாவுக்கும் சென்றன. எடுத்துச் செல்ல எடுத்துச் செல்லக் குறையாத மண் இங்கேயே இருந்தது. கிழக்குத் திருச்சபையினர், இசுலாமியர், போர்த்துக்கீசியர் எனக் காவலர் மாறியபோதும் வழிபாடு அறுபடாமைக்கு இதுவே காரணம் எனலாம். போர்த்துக்கீசியர் இம்மரபைப் படைக்கவில்லை. கிடைத்த மரபைத் தம் நோக்கில் திருத்தி, எலும்பையும் ஈட்டியையும் முன்னிறுத்தினர்.

உடனடியாகச் செய்யத்தக்க பணி ஒன்றும் உண்டு. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் சென்னைக் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்தார். ஹோஸ்டன் 1936இல் சாந்தோம், மயிலாப்பூர்த் தொல்பொருள்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். இரண்டும் ஆங்கில நூல்கள். சாந்தோமின் கல்லறைக் கற்களைப் போர்த்துக்கீசிய, இலத்தீன் மூல வாசகம், தமிழாக்கம், கிடைத்த இடம், இன்றுள்ள இடம் ஆகிய விவரங்களோடு தமிழில் பதிப்பிக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் வைத்த கல்லறைக் கல் தன் எழுத்தைக் காத்துக்கொள்ளும். அது எவர் உடல் மீது கிடந்தது என்ற செய்தியோ, எழுதி வைக்காவிடில் ஒரு தலைமுறைக்குள் அழியும். கடற்காற்றின் உப்பு எழுத்தையும் அரித்துவிடும். தோமையார் யார் என்ற வாதம் இன்னும் பல நூற்றாண்டு நீளலாம். மாத்ரா குடும்பத்தின் கல்லைப் போன்றவற்றுக்கு அவ்வளவு காலம் இல்லை.